அஞ்சு கிண்ணம் ஒரு லார்ஜ்

டிசம்பர் 26, எடிசன், நியூஜெர்சி

புத்தாண்டு இரவு விருந்துக்கு யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் வாட்ஸப்பில் வந்துவிட்டது. பிரியாணி ஒரு வீடு, கோபி மஞ்சூரியன் ஒரு வீடு, தயிர்சாதம் ஒரு வீடு. என் பெயருக்கு நேரே ‘ஷாட்ஸ்’ என்று மட்டும் இருந்தது. விருந்து வைக்கிறவளைக் கூப்பிட்டேன்.

“ஜெல்லி ஷாட்ஸ்க்கா. நீங்கன்னா அளவு பாத்துச் செய்வீங்க. போன வருஷம் ஒருத்தங்க கொண்டாந்தாங்களே, ஒரே சக்கரை, ஒரே நெடி…”

மறக்கக்கூடியதா அது! கல்லூரி விடுதிப் பாணி. ஜெல்லோ டப்பா ஒன்றை வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த நீருக்குப் பதில் வோட்காவை ஊற்றிவிட வேண்டியது. பச்சை என்றால் லைம், சிவப்பு என்றால் செர்ரி என்று நாமே நம்பிக்கொள்ள வேண்டும். நிறம் பழத்துக்கு, மணம் மருந்துக்கு. அதைச் செய்ய நான் வேண்டாம். செய்வதென்றால் உண்மையான காக்டெய்ல் ஒன்றின் சுவை அப்படியே வாயில் வர வேண்டும், அடுக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றேன். “அதுக்குத்தானேக்கா உங்ககிட்ட சொல்றது” என்று முடித்துவிட்டாள்.

இரவு காக்டெய்ல் புத்தகத்தைப் புரட்டினேன். ஜெல்லி ஷாட்டைக் கண்டுபிடித்தவர் பாட்டுக்காரரும் கணித ஆசிரியருமான டாம் லேரர் என்று ஒரு கதை உண்டு. 1950களில் ராணுவத்தில் இருந்தபோது, மது பானங்களுக்குத் தடை இருந்த முகாமின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆரஞ்சு ஜெல்லோவில் வோட்காவைக் கலந்து கொண்டுபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். பானத்துக்குத்தானே தடை, பலகாரத்துக்கு இல்லையே! ஆனால் சங்கதி அதைவிட ரொம்பப் பழையது. அமெரிக்க பார் உலகின் முன்னோடி ஜெர்ரி தாமஸ் 1862இல் போட்ட கையேட்டில் ‘பஞ்ச் ஜெல்லி’க்குச் செய்முறை இருக்கிறது. பிராந்தி, ரம், எலுமிச்சை, சர்க்கரை. உறையவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். கூடவே எச்சரிக்கையும் போட்டிருக்கிறார். சரக்கின் வீரியத்தை ஜெல்லி சாமர்த்தியமாக மறைத்துவிடும், அது தெரியாமல் அள்ளிச் சாப்பிட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், அப்புறம் நடனமாட லாயக்கில்லாமல் போனார்கள் என்கிறார். பெண்களை இழுத்தது அவர் காலத்துக் குசும்பு. மற்றபடி மனிதர் சொன்னதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை.

டிசம்பர் 27

இரண்டு வகை போதும். டெக்கீலா சன்ரைஸ், பினா கொலாடா. முதலாவது நிறத்துக்காக, இரண்டாவது தேங்காய்க்காக.

நியூஜெர்சியில் மளிகைக் கடையில் சரக்கு கிடைப்பது அபூர்வம். தனியாக மதுக்கடைக்குப் போக வேண்டும். வெள்ளை ரம், டெக்கீலா, கிரெனடின். கிரெனடின் என்பது மாதுளம்பழப் பாகு என்று பெயர். கடையில் நிற்கும் பாதிப் பாட்டில்களில் மாதுளையே கிடையாது, சோளச் சர்க்கரையும் சாயமும்தான். லேபிளைப் படித்துத்தான் எடுத்தேன்.

ஜெலட்டின் மட்டும் நாக்ஸ். நிறமும் இனிப்பும் இல்லாத தூள். ஒரு பொட்டலம் 7 கிராம். சாதாரண ஜெல்லிக்கு இரண்டு கப் திரவத்துக்கு ஒரு பொட்டலம் என்பது கணக்கு. கிண்ணத்திலிருந்து விரலால் நெம்பி எடுத்துச் சாப்பிடுகிற ஷாட்டுக்கு அது போதாது. ஒரு கப்புக்கு ஒன்று போட வேண்டும். ஆல்கஹால் வேறு பிடிப்பைத் தளர்த்தும். ரொம்பப் போனால் ஜெலட்டின் உறையாமல் திரிந்து நூல்நூலாகப் பிரிந்து நிற்கும். அதனால்தான் ஜெல்லிக்கு நூறு சதவீதச் சரக்கு என்பது நடக்காத காரியம். குடிகாரர்கள் இதில் இயற்கையைக் கோபித்துக்கொள்ளலாம்.

அன்னாசிச் சாறு டப்பாவில் அடைத்தது. கடையில் நல்ல பச்சை அன்னாசி மணத்துக்கொண்டுதான் இருந்தது, தொடவில்லை. பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமலின் புரதத்தை அரித்துவிடும். ஜெலட்டின் முழுக்கப் புரதம். ஆக, விடிய விடிய ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தண்ணீராகவே நிற்கும். பப்பாளி, கிவி, பச்சை இஞ்சி எல்லாம் இதே கோஷ்டி. டப்பாவில் அடைக்கும்போது சூடுபடுத்துவதால் அந்தப் புரோமலின் செத்துப்போகிறது.

டிசம்பர் 28

எதிர்பார்த்த கேள்வி இன்று குழுவில் வந்தது. “அக்கா, ஜெலட்டின்ல மாட்டு எலும்பு இருக்காமே?” எலும்பும் உண்டு, தோலும் உண்டு; பன்றித் தோலும் உண்டு. ஒளிக்க என்ன இருக்கிறது? சைவக்காரர்களுக்கு அகர் அகரில் தனியாக ஒரு தட்டு செய்துவிடுகிறேன் என்று எழுதினேன். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கீழக்கரை லாத்தா சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அகரை அவர் கடல்பாசி என்பார். அவர் வீட்டில் நோன்பு மாதம் முழுக்க அதுதான். பாலில் ரோஸ், இளநீரில் வெள்ளை, நன்னாரியில் பழுப்பு.

“நீ சாராயம் ஊத்துறத ஊத்திக்க. புள்ளைங்களுக்கும் எனக்கும் நான் கடல்பாசி காய்ச்சிக் கொண்டாறேன். ஆனா ஒண்ணு. உன்னுது கிண்ணத்துல இருந்தா என்னுது கிண்ணத்துல இருக்கக் கூடாது. நான் தட்டுல ஊத்தி டைமண்ட் டைமண்டா வெட்டிடுறேன். கலந்துடக் கூடாது பாரு.”

இதைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாடு யாராவது சொல்லியிருந்தால் காட்டுங்கள். நிறத்தை மாற்றுவது போதாது, வடிவத்தையே மாற்ற வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை நிறத்தைப் பார்த்து விலகிப் போகாது.

அகர் எங்கிருந்து வருகிறது என்று லாத்தாவிடம் கேட்டால் ஜப்பான், சீனா எல்லாம் சொல்ல மாட்டார். “எங்க பக்கத்துப் பொம்பளைங்க கடல்ல முங்கி எடுக்குறதுதான்” என்பார். மன்னார் வளைகுடாவில் முகத்தில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிக்கிற ராமநாதபுரத்துப் பெண்களைச் சொல்கிறார். மரிக்கொழுந்துதான் நல்ல அகருக்கு ஆகும்.

ஜெலட்டின் 30 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும். அதனால்தான் வாயில் கரைகிறது. அகர் 85 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகும். கடித்தால் உடையுமே தவிரக் கரையாது. இந்த வித்தியாசத்தால் மருத்துவமே மாறியது. பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடல் வெப்பத்தில் வைத்தால் அது உருகி ஓடிற்று. சில கிருமிகள் அதையே தின்றும் தீர்த்தன. 1881இல் அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, நியூயார்க்கில் பிறந்தவர், சமையலறையில் தான் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒருவரிடம் கற்ற பக்குவம் அது. இன்றைக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்வது அகர் தட்டில்தான். ஃபேனிக்குப் பேரும் கிடைக்கவில்லை, காசும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 29

கணக்கு நாள். ஒவ்வொரு வகையிலும் மொத்தம் 960 மில்லி, அதில் சரக்கு 240 மில்லி, கிண்ணம் 20. ஆக, கிண்ணத்துக்கு 12 மில்லி. அமெரிக்கக் கணக்கில் ‘ஒரு டிரிங்க்’ என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். 40 சதவீதச் சரக்கில் 44 மில்லி. அதாவது கிட்டத்தட்ட மூன்றே முக்கால் கிண்ணம். இதை விருந்தில் யாரிடம் விளக்குவது? நம் ஆட்களுக்குப் புரியும் கணக்கு வேறு. 12ஐ ஐந்தால் பெருக்கினால் 60. அஞ்சு கிண்ணம் ஒரு லார்ஜ். அதை அட்டையில் எழுதித் தட்டுக்கு முன்னால் வைக்கப்போகிறேன்.

“விருந்துக்குப் போற எடத்துல ரேஷன் கடை போர்டா?” என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கிளாஸில் ஊற்றிக் குடிப்பவனுக்குத் தான் எவ்வளவு குடித்தோம் என்று கண்ணும் தொண்டையும் சொல்லும். ஜெல்லி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். போதை தெரிய நேரம் ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு போயிருக்கும். சாப்பிடுகிறவன் எண்ண மாட்டான், செய்கிறவள்தான் எண்ண வேண்டும்.

டிசம்பர் 30

காலை ஒன்பது மணிக்கு அடுப்படிக்குள் போனேன்.

கிளாஸில் அடுக்கு காட்டும் பானங்களில் எடைதான் சட்டம். சர்க்கரை அதிகமுள்ள கிரெனடின் அடியில் போய் உட்காரும், சாராயம் மேலே மிதக்கும், மாற்ற முடியாது. ஜெல்லியில் அந்தச் சட்டம் செல்லாது. கனமானதை மேலேயும் லேசானதைக் கீழேயும் வைக்கலாம். அதற்கு விலை பொறுமை. கீழடுக்கு பாதி உறைந்திருக்க வேண்டும்: விரல் நுனியால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. முழுக்க உறையவிட்டால் மேலடுக்கு பிடிக்காமல், சாப்பிடும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கும். மேலே ஊற்றும் கலவை ஆறியிருக்க வேண்டும். 27 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் நான் ஊற்றுவது. சூடாக ஊற்றினால் கீழடுக்கு இளகி எல்லாம் ஒரே சேறு. கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் மெல்ல வடிய விட வேண்டும்.

ஜெலட்டினைக் குளிர்ந்த சாற்றில் தூவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இளஞ்சூட்டில் கரைத்து, கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். ரொம்பக் கொதித்தால் அதன் பிடிப்பு போய்விடும். சாற்றில் பாதியை மட்டும் சூடாக்கி, மீதியையும் சரக்கையும் குளிராகவே கடைசியில் சேர்த்தால் கலவையும் சீக்கிரம் ஆறும், சரக்கின் மணமும் ஆவியில் போகாது.

சன்ரைஸுக்கு அடியில் கிரெனடின் கால் பங்கு. அதன் மேல், ஆரஞ்சும் டெக்கீலாவும் சேர்ந்த கலவையில் கொஞ்சம் எடுத்து இரண்டு கரண்டி கிரெனடின் விட்ட செம்மஞ்சள். அதற்கும் மேல் வெறும் ஆரஞ்சு. நடு அடுக்கு இல்லாவிட்டால் விடியல் தெரியாது, சிக்னல் விளக்குதான் தெரியும்.

பினா கொலாடாவில்தான் எனக்கு அக்கறை. பியூர்டோ ரிகோவின் சான் யுவான் நகரத்து கரீபே ஹில்டன் ஓட்டலில் 1954இல் பிறந்தது என்று அந்த ஓட்டல் உரிமை கொண்டாடுகிறது. வேறு இடத்தாரும் கேட்கிறார்கள். 1978இல் அது அந்தத் தீவின் அதிகாரபூர்வ பானமே ஆயிற்று. தேங்காயை நம்மைப்போல் மதிக்கிற ஊர். இதற்கு அடியில் அன்னாசி, மேலே தேங்காய்ப்பால் என்றுதான் வைத்தேன். தேங்காயை அடியில் வைத்தால் உறையும்போது அதன் எண்ணெய் மேலே வந்து படலம் கட்டும், அடுத்த அடுக்கு அதில் ஒட்டாது. மேலே வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. ஆறும்வரை கிளறிக்கொண்டே இருந்து, கரண்டியில் கொஞ்சம் கெட்டிப்படும் பதத்தில் ஊற்றினால் பால் ஒரே சீராக நிற்கும்.

சைவத் தட்டுக்கு எல்லாம் தலைகீழ். அகரைக் கொதிக்கவே வைக்க வேண்டும். ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் தூள், இரண்டு நிமிடக் கொதி. இறக்கி, ஆவி அடங்கிய பிறகு ரம். 40 டிகிரிக்குக் கீழே போனால் பாத்திரத்திலேயே கட்டிவிடும், ஆகவே ஓடி ஓடி ஊற்ற வேண்டும். ஆனால் ஒரு சௌகரியம்: மேலடுக்கைச் சூடாகவே ஊற்றலாம், கீழடுக்கு அசையாது. ஆடை கட்டிய உடனே ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கிண்ணங்கள் 60 மில்லி, ஓட்டலில் சட்னி பார்சல் கட்டும் அதே மூடிக் கிண்ணம். ஒவ்வொரு மூடியிலும் மார்க்கர் பேனாவால் ‘ரம் 12’, ‘டெக்கீலா 12’. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி.

டிசம்பர் 31

ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க இருந்தவை நன்றாக இறுகியிருந்தன. ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். ஃபிரீசரில் வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூடாது, உறைபனியில் ஜெல்லியின் பிடிப்பு உடைந்து, வெளியே எடுத்ததும் தண்ணீர் விடும்.

ஜனவரி 1

அட்டையைப் பார்த்து முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பத்து மணிக்கு மேல் “எனக்கு லார்ஜ் முடிஞ்சிருச்சு” என்று ஒருவர் காலி மூடிகளை எண்ணிக் காட்டினார். லாத்தாவின் ரோஸ் கடல்பாசித் தட்டு பிள்ளைகளுக்கு முன் பெரியவர்களிடமே காலியானது. தெலுங்கு மாமா ஒருவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கடல்பாசிதான் மேல் என்றார். அவரிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை.

பினா கொலாடா ஒன்றும் மிஞ்சவில்லை. சன்ரைஸில் மிஞ்சியது, பார்க்க அழகு, சாப்பிட ஆரஞ்சு மிட்டாய். ஜெல்லியில் ஆரஞ்சுச் சாறு தன் புளிப்பை இழந்து தட்டையாகிவிடுகிறது, டெக்கீலாவால் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அகரில் செய்த பினா கொலாடா ஜெலட்டினில் செய்ததற்குச் சற்றும் குறைவில்லை. தேங்காயின் மணம் அதில்தான் தூக்கல். அடுத்த விருந்துக்கு ஜெலட்டின் வாங்குவதாக இல்லை. அகர், அன்னாசி, தேங்காய்ப்பால், கிண்ணத்துக்கு 12 மில்லி ரம், குடிக்கிற எல்லாருக்கும் ஒரே தட்டு.