முடுக்கமும் படிக்கட்டும்

மதுரையில் யாரிடமாவது "வேகம்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "சர்ருன்னு போறதுதான்" என்பார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கும் புது பைக் வாங்கிய என் வகுப்புத் தோழனுக்கும் ஒரே பதில்தான். பள்ளிக்கூடப் புத்தகம் மட்டும் இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: வேகம், திசைவேகம், முடுக்கம். பரீட்சைக்கு மூன்றையும் மனப்பாடம் செய்கிறோம், எழுதுகிறோம், மறந்து போகிறோம். இதில் மூன்றாவது ஆள்தான் விவகாரமான ஆள். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சமாச்சாரம். இப்போது நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கு சுமார் 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள், மதுரைப் பக்கம் இருந்தால். பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது, நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் கணக்குப் போட்டால் அவ்வளவு வருகிறது. கோபுரம், வைகை, ஜிகர்தண்டா கடை எல்லாமே கூட வருகின்றன. யாருக்காவது தலை சுற்றுகிறதா? இல்லை. ஏனென்றால் அந்த வேகம் மாறுவதே இல்லை. திசை கொஞ்சம் திரும்புகிறது, ஆனால் ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மெதுவாகத் திரும்புவதால் அதன் முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் முன்னூறில் ஒரு பங்குதான் வரும்.

ஆக, நம் உடம்புக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவது மட்டும்தான் தெரியும். கலிலியோ 1632-லேயே இதை எழுதிவிட்டார். கப்பலின் உள்ளறையில் அடைந்து கிடப்பவனால் கப்பல் நிற்கிறதா, அலையில்லாமல் சீராகப் போகிறதா என்று சொல்ல முடியாது என்றார். சொட்டும் தண்ணீர் நேராகத்தான் விழும், வண்ணத்துப்பூச்சி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் பறக்கும். நமக்குக் கப்பல் எதற்கு? வைகை எக்ஸ்பிரஸ் போதும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடும்போது காபியை நிம்மதியாக உறிஞ்சலாம். ஸ்டேஷன் வந்து பிரேக் போடும்போதுதான் சட்டையில் கொட்டும்.

வைகை என்றதும் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் இருக்க முடியவில்லை (மதுரைக்காரன் புத்தி). 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓட ஆரம்பித்த ரயில். அப்போது மீட்டர்கேஜ் பாதை. மதுரையிலிருந்து சென்னை எழும்பூர் வரையுள்ள சுமார் 493 கிலோமீட்டரை ஏழு மணி ஐந்து நிமிடத்தில் கடந்தது. சராசரி மணிக்கு 70 கிலோமீட்டர். அதன்பின் அகலப்பாதை வந்தது, மின்சார இன்ஜின் வந்தது, இரட்டைப் பாதையும் வந்தது. இன்றைக்கும் வைகைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல்தான் ஆகிறது! 2019 மார்ச்சில் வந்த தேஜஸ் ஆறரை மணி நேரத்தில் போனது. 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு விட்ட வந்தே பாரத் மதுரை வரைக்குமான தூரத்தை ஆறு மணி நேரத்துக்குள் முடிக்கிறது.

"அது வேகமான ரயில்ல, அதான்" என்று சொல்லிவிடலாம். ஆனால் இதே பாதையில் யாரும் 200 கிலோமீட்டரில் பறப்பதில்லை. வித்தியாசத்தில் ஒரு பங்கு, நிற்கும் இடங்கள் குறைவு என்பது. இன்னொரு பங்கு முடுக்கம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வந்தே பாரத்துக்கு 52 விநாடி என்கிறார்கள். விநாடிக்கு விநாடி அரை மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இன்ஜின் இழுக்கும் ரயிலில் அந்த இன்ஜினின் சக்கரங்கள் மட்டும்தான் தண்டவாளத்தைப் பிடித்துத் தள்ளும். வந்தே பாரத்தில் மோட்டார்களைப் பல பெட்டிகளுக்கு அடியில் பிரித்து வைத்திருப்பதால், மொத்த அச்சுகளில் பாதி தள்ளுகிறது. அவ்வளவு சக்கரம் பிடித்தால் ஏன் சீக்கிரம் கிளம்பாது?

ஒரு சின்னக் கணக்கு. நூறை எட்ட 52 விநாடி எடுக்கும் ரயில், முதலிலிருந்தே நூறில் ஓடியிருந்தால் ஆகும் நேரத்தைவிட 26 விநாடிதான் இழக்கிறது. அதே நூறை எட்ட நான்கு நிமிடம் எடுக்கும் ரயில் இரண்டு நிமிடம் இழக்கும். நிற்கும் நேரம் தனி, பிரேக் போட்டு வேகத்தை இழப்பது தனி. திண்டுக்கல், கொடைக்கானல் ரோடு, சோழவந்தான் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று கிளம்பும் ரயிலுக்கு இதெல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். சோழவந்தான்காரர்களிடம் போய் "உங்க ஊர்ல நிக்கிறதாலதான் லேட்டு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வெற்றிலை கூடக் கிடைக்காது.

நிற்க. ரயிலில் முடுக்கம் என்றால் நேரக் கணக்கு. பஸ்ஸில் அது உயிர்க் கணக்கு.

நான் தினமும் திருமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறேன். காலையில் வரும் பஸ்ஸில் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது, படிக்கட்டில் எட்டுப் பேர் தொங்குவார்கள். கண்டக்டர் அண்ணன் தொண்டை கிழியக் கத்துவார். "ஏப்பா தம்பிகளா, உள்ள ஏறி வாங்கப்பா!" ஸ்டைலுக்காகத் தொங்குகிறார்கள் என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, கல்லூரி நேரத்துக்குப் போதுமான பஸ் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 123-ம் பிரிவு படிக்கட்டுப் பயணத்தைத் தடை செய்கிறது. கூட்டத்தை என்ன செய்வது என்று அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

சட்டத்தை விடுங்கள், இயற்பியலைப் பார்ப்போம். நம் ஊர் பஸ்ஸில் வாசல் இடது பக்கம். பஸ் இடது பக்கம் திரும்பினால் தொங்குகிறவன் பஸ்ஸோடு ஒட்டிக்கொள்வான். வலது பக்கம் திரும்பினால்? பஸ் வலது பக்கம் முடுக்கப்படுகிறது, அவன் உடம்போ நேராகப் போகத்தான் பார்க்கிறது. அவனையும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு வருவது அவன் கை மட்டும்தான். நம் ஊரில் ரவுண்டானா எல்லாம் வலமாகச் சுற்றுவது. அதாவது சுற்றி முடிக்கும்வரை தொடர்ந்து வலது பக்கத் திருப்பம். மாசி வீதிகளில் சித்திரைத் தேர் வலம் வரும்போது நான்கு முனையிலும் இதே வலது திருப்பம்தான். ஆனால் அங்கே ஆள் நடக்கும் வேகம், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். டவுன் பஸ்ஸுக்கு யார் கட்டை கொடுப்பது?

எண்ணில் சொல்கிறேன். 20 மீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு, பஸ் விநாடிக்கு 8 மீட்டரில் போகிறது. மணிக்கு 29 கிலோமீட்டர்கூட இல்லை, யாரும் இதை வேகம் என்றே சொல்ல மாட்டார்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், 64-ஐ 20-ஆல் வகுத்து, 3.2 வருகிறது. 60 கிலோ எடையுள்ள பையனைப் பிடித்து இழுக்க 192 நியூட்டன் வேண்டும். கிட்டத்தட்ட 20 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பிடிப்பது போல. ஒற்றைக் கையில், வியர்த்த கம்பியில், முதுகில் பையோடு. டிரைவர் அவசரத்தில் அதே வளைவில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். எண்பது கிலோ. எங்கள் ஜிம் பாய்ஸ் உட்பட யாராலும் ஒரு கையில் ஆகாது.

கை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பஸ்ஸை விட்டுப் பிரிந்த அந்த நொடியிலும் அவனுக்கு பஸ்ஸின் வேகம் அப்படியே இருக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவன் தரையைத் தொடும் வேகம். 60 கிலோமீட்டர் என்றால் பதினான்கு மீட்டர், அதாவது நான்கு மாடி. நான்காவது மாடியின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒற்றைக் கையில் தொங்கச் சொன்னால் எவனாவது தொங்குவானா? அதே ஆள் திருமங்கலம் ரோட்டில் பாட்டு கேட்டுக்கொண்டே தொங்குகிறான். சீரான வேகத்தில் போகிறவரை உடம்புக்கு எதுவுமே தெரிவதில்லை, காற்று முகத்தில் அடிப்பது சுகமாகக்கூட இருக்கிறது. கலிலியோ சொன்ன அதே சங்கதிதான்.

இதைப் பக்கத்தில் தொங்கும் சீனியர் ஒருவரிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப லெஃப்ட்ல திரும்புறப்ப ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார். பஸ் பிரேக் போட்டால் முன்பக்கம் வீசும், பக்கத்தில் போகிற லாரியும் கணக்கில் உண்டு என்றேன். யோசித்துவிட்டு, முதுகிலிருந்த பையைக் கழற்றி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா மடியில் கொடுத்தார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே ஏறினார். மேல்படிக்கு மேலே ஏற அன்றைக்கு நிஜமாகவே இடம் இல்லை.