ஐம்பது இஞ்ச் அத்தான்!

அமெரிக்காவில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். ‘நயாகரா பார்த்தியா? சுதந்திர தேவி சிலை பார்த்தியா?’ என்று கேட்கிறார்கள். ‘இல்லை சார், ஏழு வண்டிக்கு அகலம் அளந்தேன்’ என்றால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். நான் என்ன செய்ய? வாய்த்த அத்தான் அப்படி!

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். அம்பாசமுத்திரத்துக்காரர். யூட்டா மாநிலத்தில் லீஹை என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயசில் சைக்கிளை எடுத்தால் பாபநாசம், மணிமுத்தாறு என்று மலையடிவாரத்திலேயே கிடந்த ஆசாமி. அங்கே போயும் சனி, ஞாயிறு வந்தால் மலையேறக் கிளம்பிவிடுவார். 2023-ல் ஒருநாள் இறங்கும்போது முழங்கால் திருகிக்கொண்டது. ஆபரேஷன். ‘நடக்கலாம். மலை மட்டும் வேண்டாம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து மனுஷன் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மலையைப் பார்த்தபடியே சாப்பாடு, பார்த்தபடியே ஆபீஸ் வேலை. “ஒரு வாரமா எங்கிட்ட பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம்டா” என்று அக்கா போனில் அழுதாள். அப்புறம் ஒருநாள் அழுகை போய் கோபம் வந்திருந்தது. “இப்ப மலைமேல ஓட்டுற வண்டி ஒண்ணு வாங்கணுமாம். நீ பி.காம். படிச்சவன்தானே? வந்து கணக்குப் போட்டு வேண்டாம்னு சொல்லு!”

ஆக, டிக்கெட் போட்டு என்னை வரவழைத்ததே ‘வேண்டாம்’ சொல்லத்தான். (கம்பெனி லா பேப்பரை இரண்டாவது அட்டெம்ப்ட்டில்தான் பாஸ் பண்ணினேன் என்பதை அக்கா மறந்துவிட்டாள்.) 2024 செப்டம்பரில் போய் இறங்கினால், ஏர்போர்ட் பார்க்கிங்கிலேயே அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, நீதான் ஒங்க அக்காட்ட எடுத்துச் சொல்லணும்.” இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல்!

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரம், கார் மாதிரி ஸ்டீயரிங், அக்கம்பக்கமாக இரண்டு சீட், தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. பக்கவாட்டில் பாதிக் கதவு, இல்லாவிட்டால் வலை. ஏ.சி.யெல்லாம் கேட்கக் கூடாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதால் ‘சைடு-பை-சைடு’ என்று பெயர். பைக் மாதிரி காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிற ஏ.டி.வி. வேறு ரகம். அதற்கு அத்தானின் முழங்கால் சம்மதிக்காது.

கடைக்குப் போய் ஒன்றை வாங்கிவிட வேண்டியதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேதான் ஐம்பது இஞ்ச் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது.

அமெரிக்க வனத்துறை, காட்டுப் பாதைகள் பலவற்றில் 50 இஞ்ச் அகலத்துக்கு மேற்பட்ட வண்டியை விடுவதில்லை. அந்தப் பாதைகள் ஏ.டி.வி.க்காக ஏற்பட்டவை. எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம், எந்த மாதங்களில் போகலாம் என்று வரையறுக்கச் சொல்லி 2005-ல் விதியே போட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு மேப் உண்டு, இலவசம். மேப்பில் இல்லாத பாதையில் வண்டி போகக் கூடாது, அவ்வளவுதான். சில பாதைகளின் வாசலில், நம் ஊர் பார்க்கில் பைக் நுழையாமல் இரும்புத் தூண் நட்டு வைப்பார்களே, அதே மாதிரி நட்டிருக்கிறார்கள். தூணுக்கு நடுவே புகுந்தால் காடு. புகாவிட்டால் வீடு!

50 இஞ்ச் எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு. மாருதி 800 அகலம் 55 இஞ்ச்சுக்கு மேல். சரி, அது கார். நம்ம பஜாஜ் ஆர்.இ. ஆட்டோ? 1,300 மில்லிமீட்டர். அதாவது 51 இஞ்ச். ஒரே இஞ்ச்சில் அவுட்! சந்தில் பொந்தில் புகுந்து வரும் நம் ஆட்டோவே அங்கே செல்லாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் பளபளவென்று நிற்பவை பெரும்பாலும் 60, 64, 72 இஞ்ச். 2007-ல் போலாரிஸ்காரர்கள் ‘ரேஸர்’ என்று 50 இஞ்ச்சில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஹோண்டாவின் பயனியர் 500, அதற்கடுத்த 520, கேன்-ஆமின் மேவரிக் டிரெயில் என்று ஒருசில வந்தன. அத்தானின் கண் மேவரிக் மேல். அதில் பெரிய இன்ஜின் போட்டதற்கு 75 குதிரை சக்தி. முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்டவருக்கு எதற்கு 75 குதிரை என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டாள்.

இன்னொன்றும் கேட்டாள். “ஒல்லியா இருக்குங்கறீங்க, ஒசரமா இருக்குங்கறீங்க... ஆட்டோ மாதிரி கவுந்துடாதா?”

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். அக்கா பத்தாவது வரைதான் சயின்ஸ் படித்தவள். ஆனால் விஷயத்தின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள்! இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, வண்டியின் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய வண்டி சுலபமாகக் கவிழும். பாறையில் அடிபடாமலிருக்க வண்டியைத் தூக்கித்தான் கட்ட வேண்டும். தூணுக்குள் நுழைய அகலத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு நமக்கு எதிராகத்தான் வரும். 2009-ல் ஒரு கம்பெனி, தான் ஏற்கெனவே விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, பின்சக்கரங்களைக் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்தது என்று படித்தேன். அந்த வண்டிகளில் போய்ச் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் படித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் பூராவும் செகண்ட் ஹேண்ட் வேட்டை. இந்தப் பகுதியைப் பழைய பைக் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கவனமாகப் படிக்கவும். ‘50 இஞ்ச் வண்டி, புத்தம்புதுசு மாதிரி’ என்று ஒரு விளம்பரம். போனோம். டயரெல்லாம் தடித்தடியாக ஜம்மென்று நின்றது. அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்த அழகைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட எங்கள் வீட்டில் அப்படிப் பார்க்கவில்லை! விற்கிறவர் பெட்ரோல் டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் டேப்பை எடுத்தேன். வலது டயரின் வெளி விளிம்பிலிருந்து இடது டயரின் வெளி விளிம்பு வரை... 53!

கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வெளியே பிதுங்கி நிற்கிற சக்கரம் மாட்டியிருக்கிறார். அவர் ஏமாற்றவில்லை. “இதுதான் ஸ்டெடியா நிக்கும்” என்று உண்மையைத்தான் சொன்னார். ஸ்டெடியாக நிற்கும் சார், தூணுக்கு வெளியே! அன்றிலிருந்து டேப் இல்லாமல் நாங்கள் எங்கும் போகவில்லை. பேப்பரில் போட்டிருப்பது வேறு, காற்றடைத்த டயர் பிதுங்குவது வேறு.

இரண்டாவது வாரம், வாடகைக்கு ஒன்று எடுத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தெற்கே இரண்டரை மணி நேரம் போனால் ஃபிஷ்லேக் தேசிய வனம். அக்கா, ஏழு வயசு மருமகன் எல்லோரும் கிளம்பினோம். அங்கே ‘பாண்டோ’ என்று ஒரு ஆஸ்பென் மரம் இருக்கிறது. மரம் என்றா சொன்னேன்? 106 ஏக்கர், சுமார் 47 ஆயிரம் தண்டு. பார்த்தால் தோப்பு. ஆனால் அத்தனையும் ஒரே வேரிலிருந்து கிளம்பிய ஒரே மரம்! செப்டம்பர் கடைசியில் இலையெல்லாம் மஞ்சள். காற்றடித்தால் பித்தளைக் காசைக் குலுக்கிய மாதிரி ஆடுகிறது. தார் ரோடு அதன் நடுவிலேயே போவதால் காரில் இருந்தபடியே பார்த்தோம். “இதுக்கு எதுக்கு வண்டி?” என்றாள் அக்கா. பாயிண்ட்தான்.

வாடகைக் கடையில் பொடியனை சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, பாதம் தரையில் முழுசாகப் படிய வேண்டும். கைப்பிடியும் எட்ட வேண்டும். அப்படியானால்தான் ஏற்றலாம். இவன் கால் காற்றில் ஆடியது. அழுகை! அவனை அக்காவிடம் விட்டுவிட்டு, நானும் அத்தானும் ஏறினோம்.

யூட்டாவில் 2023 முதல் இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் ஆன்லைனில் ஒரு பாடம் படித்து முடிக்க வேண்டும். அத்தான் முதல் நாளே படித்து முடித்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியிருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். பத்தாயிரம் அடி உயரம், இரண்டு பக்கமும் மரம் உரசுகிற பாதை. அத்தான் பேசிக்கொண்டே வந்தார். அது என்ன மரம், இது என்ன தடம், அகஸ்தியர் அருவிக்குக் காலேஜைக் கட்டடித்துவிட்டுப் போன கதை. ஒரு வருஷமாக வீட்டில் கேட்காத குரல்.

அப்புறம் பாதை மலைச்சரிவில் குறுக்கே போனது. என் பக்கம் பள்ளம். மேல் பக்கச் சக்கரம் ஒரு பாறையில் ஏறியது. வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. வேகமாகக்கூட இல்லை, நிதானமாக, மாடு படுக்கிற மாதிரி சாய்ந்தது. என் கை தன்னால் வெளியே போய் ஊன்றப் பார்த்தது. போட்டோ எடுக்க வசதியாக வலையின் கொக்கியை நானே கழற்றிவிட்டிருந்தேன்.

“கைய உள்ள இழுல!”

அத்தான் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினார். பயித்தியமா இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். ஆனால் சாய்கிற பக்கமே திருப்பினால்தான் சக்கரம் தரையைத் தேடி இறங்கும். இறங்கியது. வண்டி நின்றது. வலை இருந்த இடத்தை அத்தான் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கவிழ்ந்திருந்தால் அந்தக் கூண்டுக் குழாய் விழுந்திருக்கும் இடம் என் மணிக்கட்டு.

திரும்பி வருகிற வழியெல்லாம் பேச்சே இல்லை. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் சாடை காட்டுவதற்குள், இறங்கியதும் அத்தானே சொல்லிவிட்டார். பாறை, சாய்வு, என் கை எல்லாம். “என் மேலதான் தப்பு. கொக்கிய பாத்துட்டுக் கிளம்பிருக்கணும்.” அன்று ராத்திரி மோட்டலில், வண்டி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வந்த வேலை முடிந்தது என்று நான் பெட்டியைக் கட்டலாம். அக்கா மட்டும் தூங்கவில்லை. காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “டேய், நீ புள்ளைய பாத்துக்க. நான் அவரோட ஒரு தடவை போயிட்டு வரேன்” என்றாள். வலைக் கொக்கியை அவளே மாட்டி, இழுத்துப் பார்த்தாள். ஹெல்மெட் போட்டபோது ஏதோ முணுமுணுத்தாள், வசவா சாமி பெயரா தெரியவில்லை.

இரண்டு மணி நேரம். நான் ஆறு தடவை பாதை வாசலுக்கு நடந்திருப்பேன்.

வந்தார்கள். முகமெல்லாம் புழுதி. அக்கா இறங்கி, “எழுவத்தஞ்சு குதிரை கிடையாது. சொன்னா சொன்னதுதான்” என்றாள். அத்தான் தலையாட்டினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

கடைசியில் வாங்கியது இரண்டு வருஷப் பழசான பயனியர் 520. இன்ஜின் 518 சி.சி. மற்ற பல வண்டிகளில் இருக்கிற பெல்ட் கிடையாது, நிஜமான கியர். பெல்ட் அறுந்து காட்டில் நிற்க வேண்டாமே! உயரத்தைக் கூட்டுகிற சாமான் எதுவும் மாட்டுவதில்லை, பின்னால் தொட்டியில் மூட்டை குவிப்பதில்லை என்று அக்கா எழுதியே வாங்கிக்கொண்டாள். நான் டேப் வைத்தேன். 50. நூல் பிடித்த மாதிரி!

கணக்கு? போட்டேன். வண்டி, டிரெய்லர், ஹெல்மெட், இன்ஷூரன்ஸ், வருஷத் தேய்மானம் எல்லாம் சேர்த்து, எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டான். அந்தப் பேப்பரை அக்கா மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

போன வாரம் மருமகன் போன் பண்ணினான். கராஜில் நிற்கிற வண்டியில் மாதம் ஒருமுறை ஏறி, முதுகை ஒட்டி உட்கார்ந்து, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே என் டேப்பை வைத்து அளக்கிறானாம்.

“மாமா, இன்னும் ரெண்டு இஞ்ச்தான்!”