மலைவீட்டுக் குளிரும் ஓர் இரவுத் தணலும்

குளிர்காலத்திற்கு வீட்டை ஆயத்தம் செய்ய வேண்டும் என்று யாரேனும் கூறினால், திண்டுக்கல்லில் வாழும் நாம் சிரித்துவிடுவோம். மார்கழிப் பகலிலும் மின்விசிறி சுழலும் ஊரல்லவா நம்முடையது! நம் பழைய வீடுகள் வெயிலை எண்ணியே கட்டப்பட்டவை: உயர்ந்த கூரை, எதிரெதிரே சன்னல்கள், காற்று வந்துபோக முற்றம். பேகம்பூர்ப் பள்ளிவாசலுக்கு சுபுஹு தொழ வருவோர் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால், அதுவே நமக்குக் குளிர்காலம் வந்துவிட்டதற்கு அடையாளம்.

ஆயினும் நமது மாவட்டத்திற்குள்ளேயே வேறொரு பருவம் குடியிருக்கிறது. வத்தலக்குண்டைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. காலையில் திண்டுக்கல்லில் வியர்வையைத் துடைத்தபடி பேருந்து ஏறிய மனிதர், பெருமாள்மலையை எட்டும்போது சன்னலை மூடச் சொல்கிறார். அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் அங்கே வீடு கட்டிக் குடியேறியதும் சமவெளியின் வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் அஞ்சித்தான். அவர்கள் தேடிப்போன அதே குளிருக்கு அஞ்சி, அந்த வீடுகளில் கணப்புகளும் புகைபோக்கிகளும் வைக்க வேண்டியதாயிற்று!

என் தமக்கையின் மகளை அங்கே மணமுடித்துக் கொடுத்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகைக் கடைசியில் அவளைப் பார்க்கச் சென்றேன். வீடே திருமணத்திற்கு ஆயத்தமாவது போல் பரபரப்பாயிருந்தது. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய இரண்டு நாட்களுக்குள் கம்பளிகள் அனைத்தும் கொடியில் காய்ந்தன. தகரக் கூரையில் ஆணி தளர்ந்த இடங்களை மருமகன் அடித்து இறுக்கினார். தாழ்வாரத்தில் விறகு அடுக்கி, சாரல் படாமல் தார்ப்பாயால் மூடப்பட்டது. சன்னல் சட்டத்தின் இடுக்குகளில் பழந்துணியைத் திணித்துக்கொண்டிருந்த என் மருமகள், "மாமா, திருடன் கதவைத் தட்டிக்கொண்டா வருவான்? குளிரும் அப்படித்தான், இடுக்கு வழியாகத்தான் வரும்" என்றாள். பூட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து சென்ற எனக்கு அந்த உவமை மிகவும் பிடித்துப்போயிற்று. வாசற்படியின் கீழிடுக்கை அடைக்க, நீண்ட துணிப்பையில் மணலை நிரப்பித் தைத்து, மலைப்பாம்பு போல் கிடத்தியிருந்தாள். மெத்தைக்கு அடியிலும் ஒரு கம்பளி விரிக்க வேண்டுமாம். மேலே எத்தனை போர்த்தினாலும் தரையின் குளிர் கீழிருந்து ஏறும் என்பது அவள் அங்கே கற்ற பாடம்.

உறைபனியைப் பற்றியும் அவர்களிடமிருந்தே அறிந்தேன். மேகம் கவிந்த இரவில் அது விழுவதில்லை. வானம் தெளிந்து காற்றும் அசையாதிருக்கும் இரவில், நிலம் தன் வெப்பத்தையெல்லாம் விண்ணுக்கு விட்டுவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கித் தாழ்வான இடங்களில் தேங்கும். ஆகவேதான் சரிவிலுள்ள வீட்டு முற்றம் பசுமையாயிருக்க, ஏரிக்கரைப் புல்வெளி வெண்சுண்ணம் தெளித்ததுபோல் காட்சியளிக்கும். காணக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த நேரத்தில் வுளூ செய்ய வேண்டுமே!

இனி என் அறியாமையைச் சொல்ல வேண்டும். அன்றிரவு எனக்கென ஒதுக்கிய சிறு அறையில் புகைபோக்கி கிடையாது. குளிர் பொறுக்கமாட்டாமல், எல்லோரும் உறங்கிய பின் சமையற்கட்டிலிருந்த கரியடுப்பைத் தணலோடு தூக்கி வந்து கட்டிலருகே வைத்துக் கதவைத் தாழிட்டேன். புகை சிறிதுமில்லை, இதமாயிருந்தது. எவ்வளவு நேரம் சென்றதோ, கதவு தட்டப்படும் ஓசை கேட்டது. எழ முயன்றேன். தலை பாறையாய்க் கனத்தது, கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு எப்படியோ தாழ்ப்பாளை நீக்கினேன். மருமகளின் மாமியார் நின்றிருந்தார். தஹஜ்ஜுதுக்கு எழுந்தவர் அடுப்பைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். உள்ளே நுழைந்து சன்னலை அகலத் திறந்தார். என்னை வெளித் திண்ணையில் அமர்த்திவிட்டு, தணலை முற்றத்திற்குக் கொண்டுபோய் நீர் ஊற்றினார். பிறகு, "என்ன ஹஜ்ரத், தூங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டு வைக்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எங்களுக்குச் சொல்லித் தருகிறவர் நீங்கள்தானே?" என்றார்.

எனக்கு நாவெழவில்லை. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோனதையும், நெருப்பு உங்கள் பகை என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும், எலி விளக்குத் திரியை இழுத்துவிடும் என்று காரணம் கூறியதையும் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். ஆனால் அதை எரிகின்ற வீட்டோடு மட்டுமே பொருத்தி வைத்திருந்தேன். அடைத்த அறையில் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாடையுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலோடு பிடித்துக்கொள்கிறது. தலை கனப்பதை உணரும் வேளையில் எழுந்து நடக்கும் வலிமை போயிருக்கும். உறங்குபவரோ எதையுமே உணரமாட்டார்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இரு இளைஞர்கள் விழிக்கவே இல்லை. சமவெளியிலிருந்து சென்றவர்கள்தாம், அறியாமல் செய்தார்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தலைமுறை தலைமுறையாய்க் குளிரோடு வாழும் காஷ்மீரத்தில், ஸ்ரீநகரில், 2025 ஜனவரியில் ஒரே குடும்பத்தினர் ஐவர் மூச்சுத்திணறி மாண்டனர். இடுக்குகளையெல்லாம் அடைத்து ஆயத்தம் செய்த வீடுதான், நெருப்பை உள்ளே வைத்தால் பேராபத்தாகிறது. நம்மூர்க் காற்றோட்டமான வீட்டில் இதே அடுப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் நான் மலைக்கு எடுத்துச் சென்றேன்.

மார்க்கம் குளிரில் நம்மை வருத்தவில்லை என்பதையும் அங்குதான் ஆழ்ந்து உணர்ந்தேன். முழு வுளூவோடு அணிந்த தோலுறையின் மீது உள்ளூர்வாசி ஒரு பகலும் இரவும், பயணி மூன்று பகலும் இரவும் மஸஹ் செய்துகொள்ளலாம். கடுங்குளிரில் உயிருக்கு அஞ்சி அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தொழவைத்த செய்தியைக் கேட்டு நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களேயன்றிக் கடிந்துகொள்ளவில்லை. இருப்பினும் அந்த அம்மையார், விடிவதற்குள் வெந்நீர் கொதிக்கவைத்து என் வாயிலில் வைத்துவிட்டார்.

இப்போது மலைக்குச் செல்லும்போதெல்லாம் ரப்பர் வெந்நீர்ப்பை ஒன்றை எடுத்துச் செல்கிறேன். அந்தச் சிறு அறையின் சன்னலில் மேல் இடுக்கை மட்டும் மருமகள் துணியால் அடைப்பதில்லை. "மாமா வரும் அறை" என்று அதற்குக் காரணம் சொல்கிறாளாம்.