இறந்த குழந்தை எந்த ஊர்க் கணக்கு?

ஒரு குழந்தை இறந்தால் ஊரார் ‘விதி’ என்பர். உறவினருள் சிலர் தாயைக் குறை கூறுவர். விஞ்ஞானம் பயிலும் நாம் வேறொரு வினாவை எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம். எந்த இடத்தில், எது கிடைத்திருந்தால் இக்குழந்தை பிழைத்திருக்கும்?

இதை முறையாகக் கேட்பதற்கென்றே மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வெளியிட்டது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை இறந்தால் ஆஷா பணியாளர் செய்தி தர வேண்டும்; செவிலியர் வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும். நோய் என்று தொடங்கியது, யாரிடம் காட்டினர், வண்டி கிடைத்ததா, மருத்துவமனையில் என்ன நடந்தது என்று பெற்றோர் வாய்மொழியாகவே அறிந்து, மாவட்டக் குழு ஆராய வேண்டும். குற்றவாளியைத் தேடுவதன்று இதன் நோக்கம். அடுத்த குழந்தையைக் காப்பதேயாம்.

இதன் பயனை அறிய அட்டப்பாடியைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டத்து அம்மலையில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்த செய்தி 2013-இல் நாட்டையே உலுக்கியது. ஆராய்ந்தபோது வெளிப்பட்டவை தாய்மாரின் இரத்தசோகை, ஊட்டக்குறைவு, எடை குறைந்த பிறப்பு ஆகியவை. மரணம் தொட்டிலில் நிகழ்ந்தது. காரணமோ பல மாதங்களுக்கு முன்பே அடுப்பங்கரையில் இருந்தது! அதன்பின் ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் தோன்றின.

2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிரம்புமுன் இறப்பவை இந்தியாவில் 28, கேரளத்தில் 6. பெருமைக்குரிய எண்தான். ஆயினும் சராசரி என்னும் போர்வைக்குள் ஒரு மலைநாடே மறைந்து கிடக்கலாம் அன்றோ?

நான் குமுளியில் ஏலத்தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். எங்கள் பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு களை பறிப்பர், காய் எடுப்பர். பேறுகாலம் நெருங்கியதும் மலையிறங்கிக் கம்பம், உத்தமபாளையம் பக்கத்துத் தாய்வீடு செல்வர். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் நிகழ்ந்த ஊரிலேயே அது பதிவாக வேண்டும். கம்பத்தில் இறந்த குழந்தை தேனி மாவட்டக் கணக்கில் சேரும். தாய் உழைத்ததும், உண்டதும், குளிரில் நடுங்கியதும் இடுக்கி மாவட்டத்தில்! எவரும் பொய் எழுதவில்லை. எனினும் உண்மை இரண்டு ஏடுகளுக்கு இடையே நழுவிவிடக்கூடும்.

ஆகவே நான் வேண்டுவது இதுவே. எல்லையோர மரணங்களை இரு மாவட்ட அதிகாரிகளும் ஒருங்கே அமர்ந்து ஆராய்தல் வேண்டும். தாயின் தமிழறிந்தவரே அவளிடம் விசாரித்தல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சும் தாய் வாய் திறவாள். ஆறுதலோடு கேட்டால் அனைத்தும் சொல்வாள்.

நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது நம்மாலும் ஒரு தொண்டு இயலும். பிறப்பாயினும் இறப்பாயினும் 21 நாட்களுக்குள் பதியுமாறு நம் மக்களுக்கு எடுத்துரைப்போம். எழுதத் தெரியாதவருக்கு உடன் சென்று உதவுவோம். எழுதப்படாத மரணம் எவருக்கும் பாடமாவதில்லை. அப்பாடத்தைக் கல்லாத ஊரில் அதே காரணம் அடுத்த தொட்டிலையும் தேடி வரும்.