எதிரே வருகிறவரின் கண்கள்



இந்த வாரம் நான் எழுதுவதைச் சிந்தனை என்று சொல்வதைவிட அறிக்கை என்று சொல்வதே பொருந்தும். கடந்த நவம்பர் மாதத்தில் பிரசங்க பீடத்தில் நின்று ஒரு மனிதனைக் கடிந்துகொண்டேன். அவன் யாரென்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம்மில் அநேகர் இரவில் வாகனம் ஓட்டுகிறவர்கள். திருச்செந்தூர் சாலையிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற கிளைச்சாலையை நீங்கள் அறிவீர்கள். இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் அளவுக்கே அகலம்; இருபுறமும் உடைமரங்கள்; தெருவிளக்கு இல்லை. விடியுமுன் பனையேறச் செல்கிறவர்களும், கடைசிப் பேருந்தில் இறங்கி நடந்து வருகிறவர்களும், சில மாதங்களில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அதன் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். அந்தச் சாலையில் எதிரே வரும் வண்டியின் வெள்ளை வெளிச்சம் திடீரென்று முகத்தில் அடிக்கும்போது என்ன நேரிடும் என்று உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சாலை மறைந்துபோகிறது. ஓரத்தில் நடந்தவர் மறைந்துபோகிறார். வண்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இருளில் பார்ப்பதற்கென்று நம் விழித்திரையில் ஒரு நிறமிப் பொருள் இருக்கிறது. பிரகாசமான ஒளி பட்டவுடன் அது வெளுத்துவிடும். முழு இருளுக்குக் கண் மறுபடியும் பழகுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். சாலையை ஓரளவு அடையாளம் காண்பதற்கே சில விநாடிகள் தேவைப்படும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடி பார்வை மங்கினால் 50 மீட்டர். நம் ஆலயத்தின் நீளத்தைவிட அதிகமான தூரத்தை நாம் கண்ணில்லாதவர்களாகக் கடந்துபோகிறோம். வயதானவர்களுக்கு இது இன்னும் கடினம். கண்ணின் வில்லை வயதோடு மங்கலடைகிறது. கண்புரை தொடங்கினவர்களுக்கு உள்ளே நுழைகிற ஒளி சிதறி, பார்வை முழுவதிலும் ஒரு வெண்திரையைப் போலப் படர்ந்துவிடுகிறது.

நம் ஆலயத்தின் கோயில்குட்டியாருக்கு நவம்பர் மாதத்தில் நேர்ந்தது இதுவே. மாலை ஆராதனைக்கு மணியடித்து, கதவுகளைப் பூட்டிவிட்டு, வழக்கம்போல் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த காரின் வெளிச்சத்தில் வழி தெரியாமல் சாலையை விட்டு இறங்கி ஓடைக்குள் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கார் நிற்கவில்லை. ஆறு வாரங்கள் மாவுக்கட்டோடு இருந்தார். அந்நாட்களில் அவருடைய பேரன் மணியடித்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தாளம் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நல்ல சமாரியனைக் குறித்துப் பேசினேன். விழுந்து கிடந்தவனைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து சென்ற அந்தக் கார்க்காரனைக் கடுமையாகச் சாடினேன். அவனுடைய கண்களைத் தேவன் திறக்க வேண்டும் என்று உங்கள் எல்லோரையும் ஜெபிக்கச் சொன்னேன். நீங்களும் ஜெபித்தீர்கள். அந்த உவமையில் முதலாவதாக விலகிப்போனவன் ஓர் ஆசாரியன் என்பதை அன்று நான் சிந்திக்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் ஓர் இரவு, வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து நான் தனியே நடந்து வந்துகொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மகன் என்னை அழைத்துப்போகக் காரை எடுத்துக்கொண்டு எதிரே வந்தான். வளைவு திரும்பியதும் அந்த வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டேன். ஓடை எந்தப் பக்கம், சாலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரோ இரக்கமற்றவன் ஹை பீமில் வருகிறான் என்றே நினைத்தேன். வண்டி என் அருகில் நின்றது. அது என் கார்.

"டிம் போட்டு வரக்கூடாதா?" என்று மகனிடம் கோபித்தேன்.

"டிம்தான்பா போட்டிருக்கேன்" என்றான்.

பிரியமானவர்களே, எதிரே வண்டியைக் கண்டால் விளக்கை டிம் செய்வதில் நான் தவறினதே இல்லை. அதைக் குறித்து எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பழைய காரின் மஞ்சள் விளக்கு போதவில்லை என்று, ஒரு கடையில் வெள்ளை எல்.இ.டி. பல்புகளை வாங்கிப் பொருத்தியிருந்தேன். அன்று முதல் சாலை எனக்குப் பகலைப்போலத் தெரிந்தது. மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒருநாளும் என் காருக்கு முன்னால் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் கோயில்குட்டியாரைத் தேடிப் போனேன். "அண்ணாச்சி, அன்று எதிரே வந்தது எந்த வண்டி?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சத்துக்குப் பின்னால யாரு இருக்கான்னு எனக்குத் தெரியல ஐயா. ஆனா வண்டி குருமனைப் பக்கம் திரும்புச்சு."

"அன்றே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க ஒரு துக்க வீட்டுக்குப் போயிட்டு வாறீங்க. வேணும்னா செஞ்சீங்க? தெரியாம நடந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

நான் அவரைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, அவர் கட்டுப்போட்ட கையோடு மூன்றாவது வரிசையில் அமர்ந்து, நான் சாடியது யாரை என்று அறிந்தவராகத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் கண்கள் திறக்கும்படி அவரும் ஜெபித்திருப்பார். அவர் ஒருவருடைய ஜெபம்தான் விலாசம் தெரிந்து செய்யப்பட்ட ஜெபம்.

அன்றைக்கே காரைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பழைய ஹாலஜன் பல்பு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று ஹை பீமுக்கு; மற்றொன்று டிம்முக்கு. டிம் இழையின் கீழே நகத்தளவில் ஓர் உலோகக் கிண்ணம் இருக்கிறது. இழையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது தடுத்துவிடுகிறது. தடுக்காவிட்டால் அந்த ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு, மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். அந்த விளக்கின் வடிவம் முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்தே அமைக்கப்பட்டது. நான் வாங்கிய பல்பில் ஒளி வேறு இடத்திலிருந்து புறப்பட்டது. ஆகவே டிம் போட்டாலும் அது கட்டுக்கு அடங்காமல் நாலாபுறமும் சிதறியது. "பல்பு நல்ல பல்புதான் ஐயா. இந்த லைட்டுக்கு உள்ள பல்பு இல்லை" என்றார்.

கையில் இருந்த அந்தச் சிறு கிண்ணத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சம் என்பது தன்னிடமுள்ள ஒளி முழுவதையும் வாரி இறைப்பது அல்ல. ஒரு பகுதியைப் பிறர் நிமித்தம் அடக்கிவைப்பதும் அதில் அடங்கும் என்பதை விளக்கைச் செய்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். வேதத்தைப் போதிக்கிற நான் அறியாதிருந்தேன்.

சீனாய் மலையிலிருந்து இறங்கிவந்த மோசேயை நினைத்துக்கொண்டேன். அவருடைய முகம் பிரகாசித்தது. ஆனால் அது அவருக்குத் தெரியாது. அவரைப் பார்த்த ஜனங்களோ கிட்டே வரப் பயந்தார்கள். அவர் அவர்களைத் தம்மிடத்தில் அழைத்தார், பேசினார், பேசி முடித்தபின் முகத்தின்மேல் முக்காடு போட்டுக்கொண்டார். அந்தப் பிரகாசம் தேவனிடமிருந்து வந்தது; பொய்யானதல்ல. ஆயினும் அதைச் சுமந்தவருக்குத் தெரியாதது, எதிரே நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு காலத்தில் லாரிகளிலும் பேருந்துகளிலும் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதுவும் விளக்குக்குப் போட்ட முக்காடுதான்.

இவ்வளவும் வாகனத்தைப் பற்றியது மட்டுமாக இருந்தால், பல்பை மாற்றியதோடு என் காரியம் முடிந்திருக்கும். முடியவில்லை.

பல ஆண்டுகள் ஆலயத்துக்கு வராமலிருந்த ஒரு சகோதரர் சென்ற ஆண்டு திரும்பி வந்தார். அவர் வந்த மூன்றாவது வாரத்தில், குடும்ப வாழ்வைக் குறித்துப் பேசும்போது, அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒரு காரியத்தைத் தொட்டு நான் பேசினேன். பெயரைச் சொல்லவில்லை; திரும்பிப் பார்த்த தலைகள் சொல்லிவிட்டன. நான் பேசியது சத்தியம். இன்றும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் அதற்குப்பின் அவர் வரவில்லை. சத்தியத்தைத் தாங்க அவருக்கு மனமில்லை என்று நான் சொல்லிக்கொண்டேன். சாலையைக் காட்டவேண்டிய விளக்கை அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தேன் என்பதும், அந்த விநாடியில் அவருக்குச் சாலையே மறைந்துபோயிருக்கும் என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பல கார்களில் ஓட்டுநரின் அருகில் பூஜ்யம் முதல் மூன்று வரை எண்கள் குறித்த சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பின்பக்கத்தில் பாரம் ஏறினால் வண்டியின் பின்பகுதி தாழும், முன்பகுதி நிமிரும், வெளிச்சம் தானாக உயர்ந்து எதிரே வருகிறவரின் முகத்தில் விழும். அதைக் கீழே இறக்குவதற்கே அந்தச் சக்கரம். அந்த மாதங்களில் என் மனைவியின் சிகிச்சையும் ஆலயக் கூரைப் பணியின் கடனும் எனக்குப் பின்னால் பாரமாக இருந்தன. அந்தப் பாரம் என் வார்த்தைகளை எவ்வளவு உயர்த்தியது என்று நான் அளந்து பார்க்கவில்லை. வீட்டில் பிள்ளைகளிடமும் வேலையாட்களிடமும் நீங்கள் சுடுசொல் பேசுகிற நாட்களை எண்ணிப் பாருங்கள். அன்றைக்குப் பின்னால் ஏதோ ஒரு பாரம் இருந்திருக்கும்.

கடந்த வாரம் அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போனேன். சபைக்கு முன்பாக அவரை நோகச் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார். அதிகம் பேசவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கூசின கண் உடனே தெளிவதில்லை. அதற்கு நேரம் கொடுப்பது கூசச்செய்தவனுடைய கடமை.

அன்பானவர்களே, உங்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்று கூறுகின்றன. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய நிற்கிற மனிதனின் கண் உயரம். சனிக்கிழமை மாலை இருட்டியபின் உங்கள் வண்டியை ஒரு சுவரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பாருங்கள். பிறகு நீங்களே முன்னால் போய் நின்று பாருங்கள். விளக்குக்குப் பொருந்தாத பல்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். முன் கண்ணாடியின் உட்புறத்தையும் துடைத்துவையுங்கள். அதில் படிந்த அழுக்கு எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

எதிரே வருகிறவர் டிம் செய்யாவிட்டால், பதிலுக்கு நீங்கள் ஹை பீமை ஏற்றாதீர்கள். அப்படிச் செய்தால் பார்வையற்ற இருவர் ஒரே சாலையில் எதிரெதிரே விரைவார்கள். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி செல்லுங்கள். நான்கு வழிச்சாலைகளில் இரு திசைக்கும் நடுவே அரளிச் செடிகளை வளர்த்து எதிர் வெளிச்சத்தை மறைக்கிறார்கள். நம் கிளைச்சாலையில் அரளி இல்லை. அங்கே உங்கள் விரலே அரளிவேலி.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கொண்டு ஜெபிக்க வைத்த ஜெபத்தை மாற்ற வேண்டாம். பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்களுக்கு நீர் தந்த வெளிச்சத்துக்காக ஸ்தோத்திரம். அது எதிரே வருகிறவர்களுக்கு எப்படிப்பட்டதாக இருக்கிறதென்று நாங்கள் அறியும்படி, எங்களை எங்களுக்கு முன்னால் நிறுத்திக் காட்டும். எங்களால் வழி தெரியாமற்போனவர்களை நீரே கைபிடித்து நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

உங்கள் ஊழியன்