நெறி கட்டினால் எந்தக் கப்பல்?

தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்றால் எங்கள் வீடுகளில் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ, முள் குத்திய காயமோ இருக்கும். கழுத்தில் கட்டினால் சொத்தைப்பல், தொண்டைப்புண், தலையில் சிரங்கு. பெரியவர்களின் இந்த வழக்கம் மிகச் சரியானது. கிருமியை மறிக்கும் வேலையில்தான் நிணநீர்க்கணு வீங்கி வலிக்கிறது. புண் ஆறினால் இரண்டு மூன்று வாரத்தில் அதுவும் அடங்கிவிடும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எந்தத் தீவு? காட்டுக்குள் போனீர்களா?

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அத்தீவு அடங்கிய நான்கவுரி கூட்டத்தில் யானைக்கால் நோயின் போக்கே வேறு. தமிழ்நாட்டில் அதற்கு இரவில்தான் ரத்தம் எடுப்பார்கள். நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் அப்போதுதான் ரத்தத்தில் தென்படும். நான்கவுரியிலோ அவை பகலிலும் இருக்கும். மரப்பொந்து நீரில் வளரும் காட்டுக்கொசு பகலில் கடித்துப் பரப்புகிறது. இந்தியாவில் வேறெங்கும் இந்த வகை இல்லை. பகலில் தோட்டத்துக்குப் போகிறவருக்குக் கொசுவலை என்ன செய்யும்? அதனால்தான் யானைக்கால் தடுப்புக்குத் தரும் மாத்திரையை வாங்கிப் பையில் வைக்காமல் விழுங்குங்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது.

யானைக்கால் நோயின் நெறியை இப்படி அடையாளம் காணலாம்: குளிர்காய்ச்சலோடு தொடையிடுக்கில் நெறி. அதிலிருந்து காலை நோக்கிக் கீழே இறங்கும் சிவந்த கோடு. காலில் பட்ட புண் என்றால் கோடு மேலே ஏறும். சில நாளில் எல்லாம் தணிந்துவிடும். அந்தத் தணிவை நம்பித்தான் பலர் கால் வீங்கிப் பெருக்கும் நிலைக்கு வருகிறார்கள்.

நெறி கட்ட வைக்கும் உண்ணிக்காய்ச்சலும் இங்கே உண்டு. புதரில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். அம்மா, கூச்சப்படாமல் அதை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டாக்சிசைக்ளின் சரியான நேரத்தில் கிடைத்தால் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது வலிக்காத கட்டிதான். கல்போல் இறுகி, தொட்டால் நகராமல், மாதக்கணக்கில் வளர்வது. காறையெலும்புக்கு மேலே தோன்றுவது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு சேர்ந்து வருவது. காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எதுவென்று அறிய முதலில் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள். சுண்ணாம்புப் பற்றுப் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவுவதை மட்டும் செய்ய வேண்டாம்.

கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும் ஊர் இது. "இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம்" என்பது இங்கே ஒரு மாதமாகிவிடும். புண்ணோடு வந்த நெறிக்கு உள்ளூர்ச் சுகாதார நிலையம் போதும். வலியில்லாத கட்டி இரண்டு வாரம் தாண்டினால் அடுத்த கப்பலிலேயே ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்) கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்கு ஏறிவிட வேண்டும். காய்ச்சலோடு மூச்சுத் திணறினால் கப்பலுக்கும் காத்திராமல் ஹெலிகாப்டர் கேட்க வேண்டும்.