வண்டிப் பலகை

எங்கள் தெருவில் மரப்பலகை பதித்த டிராக்டர் டிரெய்லர் இப்போது ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது, அது எங்களுடையது. மற்ற வீட்டார் அனைவரும் இரும்புத் தகட்டுக்கு மாறிப் பல ஆண்டுகளாகின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அசையாமல் நின்று பெய்தபோது, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. செஞ்சி வட்டாரமே மிதந்த அந்நாட்களில் டிரெய்லரைப் பற்றி யார் நினைப்பார்? தை பிறந்து, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றப் போனபோதுதான், பின்பக்கத்துப் பலகைகள் இரண்டு காலடியில் அமிழ்வதை உணர்ந்தோம்.

தகடு அடித்துவிடலாம் என்றார் சிற்றப்பா. அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தகட்டை ஒரே நாளில் வெல்டிங் வைத்து முடித்துவிடலாம். மணலோ செங்கல்லோ எதை ஏற்றினாலும் தாங்கும். ஆனால் எங்கள் வண்டியில் மணலைவிட மனிதர்கள் அதிகம். நடவுக்கும் களைக்கும் வரும் பெண்கள் உச்சி வெயிலில் அதன் மேல் அமர்ந்துதான் சோறுண்கிறார்கள். சித்திரை வெயிலில் தகட்டின் மீது ஒருவர் அமர்ந்து பார்த்தால் எங்கள் தயக்கம் விளங்கும். விதை நெல்லும் அதே தளத்தில்தான் வருகிறது. தவிர, தகடும் அழியாதது அன்று; அடிப்பக்கம் யாருக்கும் தெரியாமல் துருவேறி, ஒருநாள் முழுதாய்க் கிழியும். பலகையிலோ கெட்டது ஒன்றென்றால் அந்த ஒன்றை மட்டும் கழற்றலாம்.

பக்கத்து ஊரிலிருந்து ஆசாரியை அழைத்து வந்தோம். எழுபதைத் தாண்டியவர். கட்டைவண்டிக்கு வட்டையும் ஆரக்காலும் செய்து வளர்ந்த கை. சுத்தியலின் பிடியால் பலகைக்குப் பலகை தட்டிக்கொண்டே போனார். நல்ல பலகை கணீரென்றது, உளுத்தது பொத்தென்றது. பிறகு ஓர் உளிமுனையைச் செருகிப் பார்த்தார். வியப்பு என்னவென்றால், பார்வைக்கு வெளுத்து வெடித்துக் கிடந்த நடுப்பகுதி உறுதியாயிருந்தது. கெட்டிருந்தவை மூன்றிடங்கள்: பலகையின் இரு முனைகள், இரும்புச் சட்டத்தின் மேல் அது படியும் வரிகள், போல்ட்டைச் சுற்றியுள்ள துளைகள்.

"தண்ணி மேலேருந்து வர்றது பெரிசில்ல தம்பி. கீழ போவ வழியிருக்குதா, அதப் பாருங்க" என்றார்.

நாம் நூல்களில் தேடிப் படித்ததும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. மரம் என்பது நெடுக்குக் குழல்களின் கட்டு. அறுத்த முனையில் அக்குழல்கள் வாய் திறந்து நிற்பதால், பக்கவாட்டைவிடப் பன்மடங்கு விரைவாக முனை நீரை உறிஞ்சுகிறது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகற் பூஞ்சை அதில் வளர்வதில்லை. நனைவதல்ல கேடு, நனைந்தது உலராமலிருப்பதே கேடு. மேலே தடிமனாய் பெயின்ட் அடிப்பதால் வரும் தீங்கும் இதுதான். பூச்சு ஓரிடத்தில் வெடித்தால் போதும், புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

மரத்துக்கு மரம் வேறுபாடும் உண்டு. உள்ளே வைரமுடையதை மரமென்றும் புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்திருக்கிறது. (தென்னையும் பனையும் புல்லாகிவிடுவதைப் பள்ளியில் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம்.) கழற்றிய இரண்டு பலகைகளிலும் வெளிறு முழுக்க மாவாகியிருந்தது, வைரம் மட்டும் விரலை எதிர்த்து நின்றது. ஆகவே புதுமரம் வாங்கவில்லை. இடித்த வீடொன்றின் வேப்ப உத்தரத்தை விலைபேசி, வாள்பட்டறையில் வெளிறு நீக்கி அறுத்து வாங்கினோம்.

எதைப் பூசுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. ஊர் வழக்கம் பழைய என்ஜின் ஆயில். காசில்லாமல் கிடைப்பது, கறையானும் அண்டாது. ஆனால் அதில் கரைந்திருக்கும் உலோகத் துகளும் எரிந்த எண்ணெயின் நச்சும் சாக்கின் வழியே நெல்லுக்கும், அமர்பவர் சேலைக்கும் போகும். அமெரிக்காவில் இத்தகைய டிரெய்லர்களுக்கு மருந்தேற்றிய பலகை பதிப்பது பெருவழக்கு. அந்த மருந்துகளில் நெடுங்காலம் கோலோச்சியது நம் நாட்டில் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்ற பொறியாளர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்துக் கண்ட கலவை அது. செம்பு பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். ஆர்சனிக் பற்றிய அச்சத்தால் 2003 இறுதியோடு அங்கே வீட்டுப் புழக்கத்துக்கான மரங்களில் அதனைக் கைவிட்டார்கள். அருமையான அறிவுதான், விதை நெல்லுக்கு அடியில் அது வேண்டாமென்று நாங்கள் முடிவு செய்தோம்.

அடிப்பக்கத்துக்குப் பண்ருட்டிப் பக்கமிருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் வந்தது. கரிய, பிசுபிசுத்த எண்ணெய். தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும். கையுறையோடு அடியில் மட்டும் பூசினோம். மேற்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய். முனைகள் குடிக்கக் குடிக்கக் கொடுத்தோம்; போல்ட் துளைகளுக்குள்ளும் விட்டோம். துடைத்த துணியைச் சுருட்டிப் போடலாகாது. காற்றோடு சேர்ந்து உலரும்போது அவ்வெண்ணெய் சூடேறித் தானே தீப்பற்றும். விரித்து வெயிலில் போட்டோம்.

இரும்புச் சட்டத்தைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தபின், பலகை நேரே அதன்மேல் படியாதவாறு ஆசாரி சிறு இரும்பு வில்லைகளை இடையிட்டார். போல்ட்டுகள் துத்தநாகம் பூசியவை. பலகைக்குப் பலகை சிறுவிரல் நகம் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில் நெல் சிந்துமே என்று சிற்றப்பா மீண்டும் தொடங்கினார், சிந்தும்தான். கொட்டிய நெல் ஏற்றும் நாளில் மட்டும் தார்ப்பாய் விரிப்பதென்றும், இறக்கியவுடன் சுருட்டிவிடுவதென்றும் உடன்பாடாயிற்று.

தொண்டூர் என்றால் வெளியூர் ஆய்வாளர்கள் குன்றைத்தான் கேட்பார்கள். சமணத் துறவியர்க்கு அங்கே கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்ததைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று சொல்கிறது. செய்வித்தவர் பெயரும் செய்தவர் பெயரும் அதில் உண்டு. எங்கள் ஆசாரியிடம் பலகையின் அடியில் பெயர் எழுதச் சொன்னோம். சிரித்துவிட்டு, "அடுத்த தபா மாத்தறப்ப அதுவும் அடுப்புக்குத்தான போவும்" என்று உளியைத் துடைத்துக்கொண்டார். மகன்கள் இருவரும் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறார்கள். பட்டறையைத் தொடர ஆளில்லை.

இப்போது வண்டியை முன்பக்கம் சற்றுத் தாழ்த்தியே நிறுத்துகிறோம், நீர் வடிவதற்காக. வாரம் ஒருமுறை இடுக்குகளில் சேர்ந்த மண்ணையும் வைக்கோலையும் குச்சியால் கிண்டிவிடுவது பெண்பிள்ளைகளின் வேலையாகியிருக்கிறது. ஒரு ரூபாய் கூலி கேட்கிறார்கள். இடப்பக்கம் மூன்றாம் பலகையின் முனையில் ஆசாரி சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துப் போயிருக்கிறார். அடுத்த சித்திரையில் அதைக் கழற்ற வேண்டும். உத்தரத்தில் மிஞ்சிய வேப்பந்துண்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் காய்ந்துகொண்டிருக்கிறது.